இரவல் பாட்டில் மெய் உண்டா?

கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டைப் பக்கம் கோவில் கொடையோ, பள்ளி ஆண்டு விழாவோ, கல்யாண வரவேற்போ எதுவானாலும் மேடையில் ஒரு மெல்லிசைக் குழுவுக்கு இடம் உண்டு. கீபோர்டுக்கு ஒருவர், ரிதம் பேடுக்கு ஒருவர், கிட்டாருக்கு ஒருவர், பாட இரண்டு பேர் என்று இளைஞர்கள் கூடிச் சில மாதம் பழகி முதல் மேடைக்குத் தயாராகும்போது, என்ன பாடுவது என்ற கேள்விதான் முதலில் வந்து நிற்கும். மூத்த கலைஞர்கள் சொல்லும் பதில் எங்கும் ஒன்றே: ஊருக்குத் தெரிந்த பாட்டாக எடுங்கள், எளிய பாட்டாக எடுங்கள், சொந்தப் பாட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதைத் தொழில் யோசனையாக மட்டும் கேட்டுக்கொண்டு போய்விடலாம். ஆனால் சமயங்களும் தத்துவங்களும் நெடுங்காலமாக முட்டி மோதிய இரண்டு கேள்விகள் இதற்குள் அடங்கியிருக்கின்றன. தான் ஆக்காத சொல்லை, தான் அமைக்காத மெட்டில், ஒருவர் உண்மையாகச் சொல்ல முடியுமா? அரியது இருக்க எளியதைத் தேர்வது பணிவா, தப்பித்தலா? மூத்தவர்கள் சொல்வது சரி என்பதே என் முடிவு. ஆனால் தவறு நேராது, கைதட்டு கிடைக்கும் என்று அவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் எனக்குப் போதவில்லை. பலர் சேர்ந்து ஒரே சொல்லைச் சொல்வது என்ற அரிய செயலை மனிதர்கள் எப்போதுமே இரவல் சொல்லில்தான், அதுவும் எளிய சொல்லில்தான் கற்றிருக்கிறார்கள். வழிபாட்டின் வரலாறு முழுவதும் இதற்குச் சாட்சி.

குற்றாலத்துக்கு ஒரு பதிகமும், அங்குள்ள குறும்பலாவுக்கு ஒரு பதிகமும் ஞானசம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டில் பாடினார். அன்றிலிருந்து அவற்றைப் பாடி வருபவர்கள் சம்பந்தர் அல்லர், ஓதுவார்களும் அடியார்களும். ஒரு சொல்லைக் கூட்டாமல், ஒரு சொல்லைக் குறைக்காமல், மரபு வகுத்த பண்ணிலேயே பாடுகிறார்கள். அது பிறர் பாட்டு, ஆகவே அவர்கள் பக்தி போலி என்று சைவ மரபில் யாரும் சொன்னதில்லை. கடையநல்லூர்ப் பள்ளிவாசல்களில் ஐவேளைத் தொழுகையின் கடமையான 17 ரக்அத்துகளிலும் ஃபாத்திஹா என்னும் அதே ஏழு வசனங்கள் ஓதப்படுகின்றன. ஓதுபவர் புதுச் சொல் தேடிப் போவதில்லை. நெல்லைச் சீமையின் தேவாலயங்களில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை அவர் முகத்தைக்கூடப் பார்த்திராத தலைமுறைகள் கண்ணீரோடு பாடுகின்றன. சமயத்துக்கு வெளியே பார்த்தாலும் இதுதான் நிலை. இழவு வீட்டில் ஒப்பாரி சொல்லும் பெண் அந்த வரிகளைத் தன் தாயிடமிருந்தும் பாட்டியிடமிருந்தும் வாங்கி வைத்திருக்கிறாள். கணவனை இழந்த நாளில் அவள் சொல்வது இரவல் வரி என்பதால் அந்தத் துயரம் இரவல் என்று எவர் சொல்வார்? உண்மை என்பது சொல்லை ஆக்கியவர் யார் என்பதில் இல்லை, அந்தச் சொல்லுக்குள் இன்று யார் நின்று பேசுகிறார் என்பதில் இருக்கிறது. இதை ஏற்காவிட்டால் உலகில் உள்ள வழிபாட்டில் பெரும்பகுதியைப் பொய் என்று தள்ள வேண்டியிருக்கும்.

கொடை விழாவின் வில்லுப்பாட்டு இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. வில்லுப்பாட்டு எடுத்த எடுப்பில் கதைக்குள் இறங்காது. காப்பு, குருவணக்கம், அவையடக்கம் என்று முறையாக வந்து, நாட்டு வளம் சொல்லி, பிறகே சாமியின் கதைக்கு வரும். வில்லில் வீசுகோல் விழ, குடமும் உடுக்கையும் தாளமும் சேர, முன்பாட்டுக்காரர் ஒரு வரியைச் சொல்ல, பின்பாட்டுக்காரர் அதை வாங்கித் திரும்பச் சொல்கிறார். சுடலைமாடன் கதையோ முத்தாரம்மன் கதையோ, கேட்டுக்கொண்டிருப்பவர்களில் எவருக்கும் புதிதல்ல. எந்த இடத்தில் சாமி பிறக்கும், எந்த இடத்தில் வரம் வாங்கும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். சாமியாடிக்கு அருள் வருவதும் கதையின் அந்தத் தெரிந்த இடங்களில்தான். கூட்டம் முழுதும் காத்திருந்த சொல், காத்திருந்த இடத்தில் வந்து விழுகிறது. அவர் உடல் நடுங்கத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் பாட்டுக்காரர் தன் திறமையைக் காட்ட ஒரு புதுக் கதையை இழுத்துவிட்டால் அங்கே ஒன்றும் நிகழாது. தெரிந்திருத்தல் என்பது ஒரு குறையாக இல்லாமல், அந்தச் சடங்கு நிகழ்வதற்கான நிபந்தனையாகவே இருக்கிறது. முதல் மேடை ஏறும் குழு பாடப்போவது சடங்குப் பாட்டு அல்லதான். ஆனாலும் பல்லவி தொடங்கிய உடனே முன்வரிசையில் நான்கு பேர் தாங்களும் முணுமுணுக்கத் தொடங்கும்போது, அந்த நிபந்தனையின் ஒரு சிறு பங்கு அங்கேயும் வேலை செய்கிறது.

தென்காசிக் கோவிலின் கதையை இந்த இடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும். வடக்கே கங்கைக் கரையில் வீற்றிருக்கும் விசுவநாதருக்குத் தெற்கே சிற்றாற்றங்கரையில் ஒரு கோவில் வேண்டும் என்று 1446-இல் பணியைத் தொடங்கியவன் பராக்கிரம பாண்டியன். வேறோர் இடத்தில் இருக்கும் ஒன்றை இங்கே எழுப்புவது தன் புகழுக்குக் குறைவு என்று அவன் எண்ணவில்லை. அவன் விட்டுச்சென்ற கல்வெட்டுதான் என்னை மிகவும் ஈர்ப்பது. பிற்காலத்தில் இந்தக் கோவிலுக்கு ஊறு நேர்ந்தால், அதைத் திருத்திக் காப்பவர் எவராயினும் அவர் அடியில் தான் விழுந்து வணங்குவதாக அதில் சொல்லியிருக்கிறான். ஆக்கியவன் அரசன். காக்கப்போகிறவனோ இன்னும் பிறக்கவே இல்லாத, பெயர் தெரியாத ஒருவன். இருந்தும் முன்னவன் பின்னவன் காலில் விழுகிறான். பழைய கோபுரம் சிதைந்து நெடுங்காலம் கிடந்து, 1990-இல் ஒன்பது நிலை இராசகோபுரம் மீண்டும் எழுந்தபோது அந்த வணக்கம் போய்ச் சேர வேண்டியவர்களைச் சேர்ந்தது. முதலில் ஆக்குவதே உயர்ந்தது, தொடர்வது அதற்கு ஒரு படி கீழ் என்ற எண்ணத்தை இந்தக் கல்வெட்டு அடியோடு மறுக்கிறது. தொடர்பவர் இல்லாவிட்டால் ஆக்கியதும் இல்லை. பாட்டுக்கு இது கோவிலைவிட அதிகமாகப் பொருந்தும். கோவில் ஆள் இல்லாமலும் சில நூறாண்டு கல்லாக நிற்கும். பாட்டோ யாரேனும் பாடாத நாளில் எங்குமே இல்லை.

அதே தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கியவர் சூஃபிக் கவிஞர் பீர்முகம்மது அப்பா. நெசவு அவர் தொழில். கைத்தறியோடு வாழ்ந்த கடையநல்லூர் மக்களுக்கு அந்த ஒரு செய்தியே அவரை நெருக்கமானவராக ஆக்கிவிடும். அவர் இயற்றிய ஞானப்புகழ்ச்சியை ஆண்டு விழாவின்போது தக்கலை தர்காவில் இரவு முழுவதும் கூடியிருந்து பாடுகிறார்கள். தனிக் குரலின் அழகை ரசிக்க யாரும் அங்கே வருவதில்லை. பலர் குரல் ஒன்றாவதே அங்கே நிகழ்ச்சி. பிறர் பாட்டைப் பாடுபவரைப் பற்றிக் கிரேக்கர்களும் யோசித்ததுண்டு. பிளேட்டோ எழுதிய அயோன் என்னும் உரையாடல், ஹோமரின் காவியத்தைப் பாடிப் பெயர் பெற்ற ஒரு பாடகனைப் பற்றியது. காந்தக் கல்லிலிருந்து ஓர் இரும்பு வளையத்துக்கும் அதிலிருந்து அடுத்த வளையத்துக்கும் ஈர்ப்பு கடந்துபோவதுபோல, தெய்வத்திடமிருந்து கவிஞனுக்கும் கவிஞனிடமிருந்து பாடகனுக்கும் அவனிடமிருந்து கேட்பவருக்கும் ஏதோ ஒன்று கடந்துபோகிறது என்கிறார் சாக்ரட்டீஸ். அதை அவர் பாதிக் குறையாகவே சொன்னார். பாடகனுக்குச் சொந்த அறிவு ஏதுமில்லை, அவன் ஒரு வழி மட்டுமே என்பது அவர் வாதம். இங்கே எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. வழியாக இருப்பது சும்மா இருப்பது ஆகாது. தக்கலையில் விடியும் வரை குரல் தளராமல், பக்கத்தில் இருப்பவரின் சுருதியை விட்டு விலகாமல் இருப்பதற்கு ஓர் அறிவு வேண்டும். தன்னைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கும் அறிவு அது. எந்தக் குழுவுக்கும் முதலில் வர வேண்டியதும் அதுதான்.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு கீதையிலிருந்தே வருகிறது. பிறருடைய தர்மத்தைச் செவ்வனே செய்வதைவிடத் தன் தர்மத்தைக் குறையோடு செய்வதே மேல் என்று கண்ணன் மூன்றாம் அத்தியாயத்திலும் பதினெட்டாம் அத்தியாயத்திலும் இருமுறை சொல்கிறான். அப்படியானால் அடுத்தவர் பாட்டைப் பிசகில்லாமல் பாடுவதைவிட, தடுமாறினாலும் தன் பாட்டைப் பாடுவதல்லவா நேர்மை? இன்று இளைஞர்களிடம் இந்த எண்ணம் வலுவாக இருக்கிறது. அதில் உள்ள துடிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தச் சுலோகம் பேசுவது கடமையை, கையாளும் பொருளை அல்ல. பாடுவது ஒருவரின் கடமை என்றால், எதைப் பாடினாலும் அவர் செய்வது தன் தர்மமே. அர்ச்சுனன் கையில் இருந்த காண்டீபம் அவன் செய்த வில் இல்லை. இலக்கியத்திலும் இப்படித்தான். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியை எழுதியபோது உலா, தலைவியின் காதல், குறத்தியின் வருகை, மலைவளம், குறி, சிங்கன் சிங்கியைத் தேடுவது என்ற கட்டமைப்பு முழுவதும் அவருக்கு முன்பே இருந்தது. எலும்புக்கூடு பொதுவானது, அவர் தந்தது உயிர். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் மேடைகளில் மக்கள் வாயில் இருந்த மெட்டுகளுக்கே புதுச் சொல் கட்டிப் பாடினார். கேட்ட மாத்திரத்தில் கூட்டம் உடன் பாட வேண்டும் என்பதே அவர் கணக்கு. அந்தக் குழுவில் சிறுவனாகச் சேர்ந்து ஊர் ஊராக ஆர்மோனியம் வாசித்த தம்பிதான் 1976-இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜா. பீட்டில்ஸ் குழுவும் ஹாம்பர்க் நகரத்து விடுதிகளில் இரவிரவாகப் பிறர் பாட்டைப் பாடித்தான் உருவானது. 1963-இல் வந்த அவர்களின் முதல் இசைத்தட்டில் உள்ள 14 பாட்டுகளில் 6 பிறருடையவை. இரவல் பாட்டு இவர்கள் எவருடைய சொந்தக் குரலையும் கெடுக்கவில்லை. அது வளர்வதற்கு இடம் கொடுத்தது.

இரண்டாம் கேள்வி எளிமை பற்றியது. இதற்குத் தமிழ் மரபில் ஒரு கதை இருக்கிறது. இதைவிடச் சரியான கதை வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சம்பந்தரோடு ஊர் ஊராகச் சென்று அவர் பதிகங்களை யாழில் வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்தில் அவருடைய உறவினர், சம்பந்தர் பாட்டு இவ்வளவு பரவக் காரணம் உன் யாழ்தான் என்று பெருமை பேசினார்கள். அந்தப் பேச்சைப் பொறுக்க முடியாமல் அவர் சம்பந்தரிடம் போய், யாழில் அடங்காத ஒன்றைப் பாடியருள வேண்டும் என்று கேட்டார். சம்பந்தர் பாடினார், யாழில் அது வரவில்லை. யாழ்ப்பாணர் யாழையே உடைக்கப் போனார். சம்பந்தர் தடுத்து, அதை வாங்கிப் பார்த்து, இதில் எவ்வளவு அடங்குமோ அவ்வளவு வாசியும் என்று திரும்பத் தந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. யாழ்முரி என்று பெயர் பெற்ற பண் அது. கருவியின் எல்லையும் கையின் எல்லையும் இழிவல்ல என்று ஞானசம்பந்தரே சொன்னதாக இதைப் படிக்கிறேன். எல்லையைக் கண்டதும் கருவியை உடைக்கத் தோன்றுவதுதான் அகந்தையின் மறுபக்கம். எல்லாவற்றையும் வாசித்துவிடுவேன் என்பதும், வாசிக்க முடியாவிட்டால் எதுவுமே வேண்டாம் என்பதும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. திருவள்ளுவர் வலியறிதலுக்கு ஓர் அதிகாரத்தையும் அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரத்தையும் தனித்தனியே வைத்தார். தன் வலி அறியாத துணிச்சல் அவையில் நிற்காது என்பதை அந்த இரண்டையும் சேர்த்துப் படிப்பவர் உணர்வார்.

எளிமை என்பது கேட்பதற்கு எளிமையா, பாடுவதற்கு எளிமையா என்பதில் புதியவர்கள் ஏமாறுவதுண்டு. காவடிச்சிந்தை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகனுக்குப் பாடியவை அவை. காவடி தூக்கி நடக்கும் காலுக்கு அந்தத் தாளம் தானாகவே வந்துவிடும். ஆனால் எதுகையும் மோனையும் அடுத்தடுத்து வந்து விழும் அந்தச் சொற்களுக்கு நடுவே மூச்சு எடுக்கும் இடம் தெரியாதவர் மேடையில் இரண்டாம் அடியிலேயே திணறிவிடுவார். நாகூர் ஹனீபாவின் பாடல்கள் எங்கள் சீமையில் எந்த மதத்தாரும் அறிந்தவை, மெட்டும் நேரானது. அவர் பாடிய கட்டையோ மிக உயரம். அதே ஸ்கேலில் தொடங்கினால் சரணத்தில் தொண்டை அடைக்கும். இரண்டு மூன்று கட்டை இறக்கிக்கொள்வதில் ஒரு வெட்கமும் இல்லை. கீபோர்டில் அது ஒரு பொத்தான்தான். கிட்டார்காரருக்குத்தான் கார்டு எல்லாம் மாறும், அதை முன்கூட்டியே பழக வேண்டும். சினிமா டூயட்டில் சிக்கல் வேறு வகை. ஆணுக்கும் பெண்ணுக்கும் சுருதி ஒன்றே, ஆகவே ஒருவருக்கு இதமான இடம் மற்றவருக்கு எட்டாமல் போகும். இளையராஜா பாட்டில் பல்லவியைக் குழந்தைகூடப் பாடும். ஆனால் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் இடையிசையில் வயலின் ஒரு வழி, புல்லாங்குழல் ஒரு வழி, பேஸ் கிட்டார் ஒரு வழி போகும். ஐந்து பேர் கொண்ட குழு அதைக் கைவிடவும் முடியாது, முழுதாகப் பிடிக்கவும் முடியாது. மேடைப் பதற்றத்தில் ரிதம் வேகம் எடுப்பதும் எல்லாக் குழுவுக்கும் நேர்வது. வாசிப்பவருக்கு வேகம் ஏறியது தெரியாது. பாடுபவரின் மூச்சுக்குத்தான் தெரியும். பாடுபவர் திரும்பிப் பார்க்க, ரிதம் வாசிப்பவர் அந்தப் பார்வையைப் புரிந்துகொண்டு ஓர் இம்மி தளர்த்த, பாட்டு மறுபடி தன் நடைக்கு வருகிறது. எளிய பாட்டு எதற்கு என்றால் இதற்குத்தான். விரல்களுக்கு வேலை குறைவாக இருக்கும்போதுதான் காதுக்கு வேலை செய்ய இடம் கிடைக்கிறது. அடுத்த சுரம் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பவருக்கு அடுத்தவர் எங்கே என்று தேட நேரமில்லை.

இஸ்லாமிய அறிஞர் கஸ்ஸாலி எழுப்பிய ஒரு கருத்தை எதிர்கொள்ளாமல் இந்த வாதம் நிறைவு பெறாது. 1111-இல் மறைந்த அவர், இசை கேட்பதைப் பற்றித் தம் பெருநூலான இஹ்யாவில் ஒரு தனிப் பகுதியே எழுதியிருக்கிறார். திருக்குர்ஆன் ஓதுவதைக் கேட்டும் உருகாத சிலர் ஒரு கவிதை பாடப்பட்டதும் பரவசம் கொள்வது ஏன் என்று கேட்டு அவர் காட்டும் காரணங்களில் ஒன்று புதுமை. மனனமாகிப் பலமுறை கேட்ட சொல்லின் தாக்கம் மங்கும். முதல்முறை கேட்பதுதான் நெஞ்சை அதிகம் அசைக்கும் என்கிறார். இது உண்மை, மறுக்க முடியாது. ஆனால் அவர் பேசுவது கேட்பவரின் பரவசத்தைப் பற்றி. ஒரே சொல்லை வாழ்நாள் முழுதும் ஓதுவதை அவர் கைவிடச் சொல்லவில்லை; வழிபாட்டின் அடித்தளமே அந்தத் திரும்பச் சொல்லல்தான் என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் குறைவு. அசைப்பது ஒன்று, சேர்ப்பது வேறொன்று. புதுப் பாட்டு தனி மனிதரை உலுக்கும். கூட்டத்தை ஒன்றாக்குவது பெரும்பாலும் தெரிந்த பாட்டு. வில்லுப்பாட்டில் சாமி இறங்கும் இடத்தைப் பார்த்தவருக்குத் தெரிந்த சொல்லாலும் உடல் அதிரும் என்பது தெரியும். முதல் மேடையில் நிற்பவருக்குக் கேட்பவரை உலுக்கும் வலிமை இன்னும் வரவில்லை. அவர்களோடு சேரும் வழி மட்டும் திறந்திருக்கிறது.

கலை என்பது தவம், எளிதாகச் செய்வது அதை அவமதிப்பது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதையை அவர்கள் காட்டுவார்கள். ஐந்து வயதில் தொடங்கி ஏழு ஆண்டுகள் பயின்று, பன்னிரண்டில் சோழன் முன் ஆடினாள் மாதவி. ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அரங்கின் அளவுகூட அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. ஆடல் ஆசான், இசை ஆசிரியன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவரின் தகுதியும் விரிகிறது. பரிசு ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன். எனக்கோ இந்தக் காதை என் பக்கமே பேசுகிறது. மாதவி புதிய ஒன்றைக் கண்டுபிடித்து ஆடவில்லை. வகுத்து வைத்ததை வகுத்தபடி ஆடினாள். அந்த ஏழு ஆண்டுகள் அவளுக்குத் தந்தது, அரியதை எளிதாக்கும் உடல். எளிமை வேறு, சோம்பல் வேறு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மூன்று சுரத்துக்குள் அடங்கும் பாட்டை நான்கு நாளில் பழகி மேடை ஏறுவது சோம்பல். அதே பாட்டை, கரண்ட் போய் மைக் நின்றாலும் குழு நிற்காமல் பாடி முடிக்கும் அளவுக்குப் பழகுவது தவம். கர்னாடக இசை கற்பவர்கள் கீதங்களைப் புரந்தரதாசர் பெயரில் வழங்கும் மலஹரி ராகக் கீதங்களிலிருந்தே தொடங்குகிறார்கள். அந்தக் கீதங்களைச் சுத்தமாகப் பாடுவது எவ்வளவு கடினம் என்பதை முப்பது ஆண்டு கச்சேரி செய்தவர்தான் சொல்ல முடியும்.

பாட்டு ஆக்கியவரின் உரிமை என்னவாகும் என்ற கேள்வி இன்று தவிர்க்க முடியாதது. 2017-இல், தம் ஐம்பதாண்டுப் பாட்டுப் பயணத்தை ஒட்டி அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு, தம் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. பாலசுப்ரமணியமும் அந்தப் பயணத்தில் அவற்றைப் பாடாமல் விட்டார். நண்பர்கள் இருவர் நடுவே நேர்ந்த அந்தக் கசப்பு ரசிகர்களை வருத்தியது உண்மைதான். ஆனாலும் நுழைவுச்சீட்டு விற்கும் மேடையில் ஆக்கியவருக்குப் பங்கு உண்டு என்ற அடிப்படை நியாயமானது. புதிய குழுவுக்கு நிலைமை வேறு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தொழில்முறை அல்லாத மன்றங்கள் கட்டணம் வாங்காமலோ ஒரு சமய நிறுவனத்தின் நலனுக்காகவோ பாடுவதையும், மெய்யான சமயச் சடங்குகளிலும் திருமணக் கொண்டாட்டங்களிலும் பாடுவதையும் மீறலாகக் கொள்வதில்லை. கற்பவருக்கும் வழிபடுபவருக்கும் பாட்டைத் திறந்துவிட வேண்டும் என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. பராக்கிரம பாண்டியன் கல்லில் பொறித்ததும், நாடாளுமன்றம் பிரிவும் உட்பிரிவுமாக எழுதியதும் இந்த ஓரிடத்தில் நெருங்கி வருகின்றன.

கடையநல்லூர் போன்ற ஊரில் வேறொரு குரலும் உண்டு. இசைக்கருவியே கூடாது என்பது அது. மார்க்க அறிஞர்களிடையே நூற்றாண்டுகளாகத் தொடரும் விவாதம் அது. நிபந்தனைகளோடு இசையை ஏற்ற கஸ்ஸாலி போன்றவர்கள் ஒரு பக்கம், கடுமையாக மறுத்தவர்கள் மறுபக்கம். அதைத் தீர்ப்பது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. அந்த மறுப்பை மனச்சான்றோடு கடைப்பிடிப்பவர்களை மதித்து, தொழுகை நேரத்தில் ஒலிபெருக்கியை நிறுத்தி, எந்தத் தெருவில் எந்தப் பாட்டு பொருந்தும் என்று பார்த்துத் தேர்வதும் அவையறிதலே.

இவ்வளவு சொன்ன பிறகு, சொந்தப் பாட்டு வைத்திருக்கும் குழு அதை முதல் மேடையில் பாடவே கூடாதா என்று கேட்டால், பாடலாம் என்பேன், ஒன்று மட்டும். தொடக்கத்தில் வேண்டாம், கடைசியிலும் வேண்டாம். ஊர் அறிந்த பாட்டுகள் மூன்றோ நான்கோ போய், குழுவின் காதுகள் ஒன்றையொன்று கண்டுகொண்ட பிறகு அதை வைக்கலாம். கூடவே இன்னொன்றையும் கட்டாயமாக்க வேண்டும். இன்று பெரும்பாலான மேடைகளில் அடுத்த பாட்டு எந்தப் படத்தில் வந்தது, எந்த நடிகருக்கு என்பதைச் சொல்லிவிட்டுத் தொடங்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு பாட்டுக்கு முன்பும் எழுதியவர் யார், இசையமைத்தவர் யார், முதலில் பாடியவர் யார் என்று மூன்று பெயர்களையும் மைக்கில் சொல்ல வேண்டும். வில்லுப்பாட்டுக்காரர் குருவணக்கம் சொல்லாமல் கதைக்குள் போவதில்லை. அரை நிமிடம்கூட ஆகாத அந்த மூன்று பெயர்களுக்கு மெல்லிசை மேடையிலும் இடம் இருக்கிறது.